கேட்டுவிட்டு வருகிறேன்

பெயரை வெளியே சொல்லக் கூடாது, சட்டம்.
அனிலா என்று வைத்துக்கொள்வோம்.
தம்பிக்கு ஜோவின்.

பாராமட்டா, சிறார் நீதிமன்றம், ஜூலை மாதத் திங்கள்.
ஹீட்டர் ஓடியும் விரல் விறைக்கிற அறை.
உறுதிமொழி எடுத்துக்கொண்டு
அம்மாவின் இடது காதுப் பக்கம் உட்கார்ந்தேன்.
பதினோரு வருடமாக அதுதான் என் நாற்காலி.

என் வேலையில் 'அவர் சொல்கிறார்' கிடையாது.
'நான்' மட்டும்தான்.
நான் அன்றைக்குக் குடித்திருந்தேன், என்று சொல்லியிருக்கிறேன்.
நான் அந்த வீட்டுக்கு நான்கு தடவை போனேன்,
ஃப்ரிட்ஜில் கடுகும் பாதி எலுமிச்சையும் இருந்தன, என்றும்.
யார் யாருடைய நானோ
டவுன் பஸ்ஸில் போல என் வாயில் ஏறி இறங்கியிருக்கிறது.
சாயங்காலம் வீட்டில் 'நான் டீ போடட்டுமா' என்று கேட்கையில்
சின்னதாக ஒரு தயக்கம்:
எந்த நான்?

பிள்ளைகளின் நான் மட்டும் ஏறியதில்லை.
அவர்களைப் பற்றித்தான் பேசுவார்கள்.
பிள்ளையின் நலன், பிள்ளையின் நலன்.
சொல்லிச் சொல்லி என் நாக்கில் காய்ப்பு விழுந்த சொல்.

ஜோவினுக்கு ஆறு வயது. அவனுடைய வக்கீல்
அவனுக்கு எது நல்லதென்று தான் நினைப்பதைச் சொல்வார்.
அனிலாவுக்குப் போன வியாழன் பன்னிரண்டு முடிந்தது.
கேக் வெட்டினாளா, தெரியாது.
ஆனால் அன்றிலிருந்து
அவள் சொல்வதைச் சொல்ல அவளுக்கென்று ஒருவர்:
லினெட் ஹாலரன். மெல்லிய குரல், கோட்டில் நாய் முடி.

எழுந்தார். ஆங்கிலத்தில் ஒரே வரி.
ஒன்றாக இருக்க வேண்டும், அதற்கு முன்னால் ஒரு 'வீ'.

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

நாம என்றால் அம்மா உள்ளே.
நாங்க என்றால் அம்மா வெளியே.
ஆங்கிலத்துக்கு அந்தக் கவலை இல்லை,
யாரையும் எண்ணாமல் கதவைத் திறந்துபோட்டிருக்கிறது.
ஜெபசீலி என் உதட்டையே பார்த்தாள்,
ரேஷன் கடைத் தராசு முள்ளைப் பார்ப்பதுபோல.

கை தூக்கினேன்.
எனக்கென்று பேசும்போது மட்டும் எனக்கு நான் இல்லை.
"மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சந்தேகம்" என்றேன்.
விளக்கினேன்.

துறையின் வக்கீல்: அக்காவும் தம்பியும்தான், இதில் என்ன.
அம்மாவின் வக்கீல்: மூன்று பேரும்தான், இதில் என்ன.
ஜோவினின் வக்கீல் கண்ணாடியைக் கழற்றி
பொதுவாக இந்த வயதுக் குழந்தைகள், என்று தொடங்கினார்.

லினெட் ஹாலரன்
"எனக்குத் தெரியவில்லை" என்றார்.
"என் கட்சிக்காரரைக் கேட்க வேண்டும்."

கட்சிக்காரர்.
வயது பன்னிரண்டும் நான்கு நாளும்.
கீழ்த்தளத்தில், பள்ளிக்கூட ஸ்வெட்டரில்,
யாராவது கேட்பார்களா என்று உட்கார்ந்திருந்தவர்.

பத்து நிமிடம் ஒத்திவைத்தார்கள்.
"நீங்க என்ன நினைக்கீங்க?" என்று ஜெபசீலி கேட்டாள்.
நினைப்பது என் வேலை இல்லை.
டிஷ்யூ தாளை எட்டாக மடித்தாள், பதினாறாக,
அதற்கு மேல் மடியவில்லை.

லினெட் வந்தார், கையில் கோடு போட்ட ஒரு தாள்.
அதைப் பார்த்துப் படித்தார்.
நான் குனிந்து, அந்தக் காதில்,
முதல் தடவையாகப் பன்னிரண்டு வயதில் பேசினேன்:

"நானும் தம்பியும். நாங்க.
இந்த வருஷம்.
அம்மா சனிக்கிழமை வரணும்.
தனியா."

கடைசிச் சொல்லுக்குத்தான் அவள் கண்ணை மூடினாள்.
அந்த அறையில் ஒருவருக்கும் புரியாத ஏதோ
அவளுக்குப் புரிந்தது.
பிறகு கேட்டாள், நான் ஆங்கிலமாக்கினேன்:
"நான் அந்த எழுத்தைப் பார்க்கலாமா?
அவ கையெழுத்தை மட்டும்."

மாஜிஸ்ட்ரேட் லினெட்டைப் பார்த்தார்.
தாளை நீட்டிவிடலாம். மூன்று எட்டுத் தூரம்.

லினெட் அதை மார்போடு சாய்த்துக்கொண்டார்.
"கேட்டுவிட்டு வருகிறேன்."

படியில் அவருடைய காலடி
கீழே, இன்னும் கீழே.